கைக்கு அடக்கமான பெரிய போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. அதனால் புதுப் போன் வாங்கப் போகிற உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் கேமரா, பேட்டரி பற்றித்தான் இருக்கும். போன் கைக்கு வந்து ஒரு வாரம் ஆனதும் வேறு கேள்விகள் வரும்: "கை வலிக்குதே", "மேல இருக்கிற பட்டன் எட்டவே மாட்டேங்குதே", "ஒரு கையால பிடிச்சா விழுந்துடும்போல இருக்கே". இவற்றை வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெட்டியில் 6.9 இன்ச் என்று போட்டிருக்கிறது. என் கைக்கு அது ரொம்பப் பெரிதா?

அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இன்ச் கணக்கு திரையின் மூலைக்கு மூலை எடுக்கிற அளவு. நம் கை போனைப் பிடிப்பது குறுக்காக, அதாவது அகலத்தில்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2011-ல் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் கேலக்ஸி நோட்டை அறிமுகப்படுத்தியபோது, இவ்வளவு பெரிய போனை யார் தூக்கிக்கொண்டு அலைவது என்று பலரும் கேட்டார்கள். அதன் திரை 5.3 இன்ச்தான். ஆனால் போனின் அகலம் கிட்டத்தட்ட 83 மி.மீ. 2025-ல் வந்த கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் திரை 6.9 இன்ச், அகலம் 77.6 மி.மீ. திரை ஒன்றரை இன்ச்சுக்கு மேல் வளர்ந்திருக்கிறது, போனின் அகலமோ 5 மி.மீ.க்கு மேல் குறைந்திருக்கிறது.

இது எப்படி முடிந்தது?

இரண்டு காரணங்கள். முதலாவது, திரையைச் சுற்றியிருந்த வெற்று ஓரம் கரைந்தது. 2014-ல் வந்த ஐபோன் 6 பிளஸ்ஸில் திரையின் அகலம் சுமார் 68.5 மி.மீ., போனின் அகலம் 77.8. இரண்டு பக்கமும் சேர்த்து 9 மி.மீ.க்கு மேல் எதற்கும் பயன்படாத இடம். ஐபோன் 16 புரோ மேக்ஸில் அதே கணக்கைப் போட்டால் 4 மி.மீ. சொச்சம்தான் வருகிறது.

இரண்டாவதுதான் முக்கியமானது. திரை ஒல்லியாக, நெட்டையாக ஆனது. முன்பு பெரும்பாலான போன்கள் டிவி போல 16:9 விகிதத்தில் இருந்தன, அதாவது நீளம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு. 2017-ல் எல்ஜி ஜி6 18:9-க்குப் போனது, கேலக்ஸி எஸ்8 18.5:9-க்குப் போனது. இன்று ஆண்ட்ராய்டு போன்களில் 20:9 சாதாரணம். 16:9 விகிதத்தில் 5.5 இன்ச் திரையின் அகலம் 68.5 மி.மீ. என்று பார்த்தோம். 20:9 விகிதத்தில் 6.5 இன்ச் திரையின் அகலம் எவ்வளவு தெரியுமா? 67.8 மி.மீ. ஒரு இன்ச் பெரிய திரை, ஆனால் முக்கால் மி.மீ. ஒல்லி. பரப்பளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். பெரிய போனைக் கைக்கு அடக்கமாக்கியதில் இதைவிடப் பெரிய பங்கு வேறு எந்தக் கண்டுபிடிப்புக்கும் இல்லை என்பேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அகலத்தைக் குறைத்ததற்கு ஈடாக நீளம் கூடிவிட்டது. பிடிப்பது எளிதானது, எட்டுவது கடினமானது. கீழே வரும் கேள்விகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

அப்படியானால் வாங்கும் முன் எந்த எண்ணைப் பார்ப்பது?

முதலில் அகலம், பிறகு எடை, அதன் பிறகு தடிமன். எல்லாக் கம்பெனிகளும் இவற்றை மி.மீ.யிலும் கிராமிலும் கொடுக்கின்றன. விளம்பரத்தில் இருக்காது, விவரப் பட்டியலின் கடைசிப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில், 72 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் ஒரு கையால் சமாளிக்கிறார்கள். 75-ஐத் தாண்டினால் நடுத்தரக் கை திணற ஆரம்பிக்கிறது. 77, 78 என்றால் அதை இரண்டு கைப் போன் என்றே நினைத்து வாங்குங்கள். இது விஞ்ஞான விதி அல்ல, பல கைகளைப் பார்த்து நான் வைத்திருக்கிற கணக்கு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கவர் போட்டால் அகலம் 2, 3 மி.மீ. கூடும். பொறியாளர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டுக் குறைத்த அகலத்தை ஒரு தடித்த கவர் ஒரு நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடும். கவர் போடுகிற பழக்கம் உள்ளவர் என்றால் கவரையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கட்டைவிரல் உண்மையில் எதுவரை எட்டும்?

இதற்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. திரையை மெல்லிய துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஒரு கையால் மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு திரையை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் கறை அரிவாள் மாதிரி வளைந்து தெரியும். வலது கைக்காரர் என்றால் கீழ் இடது பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவழியாக வளைந்து, வலது ஓரத்தில் மேலே ஏறும். மேல் இடது மூலை புதுப் போன் மாதிரி சுத்தமாக இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு நேர் மேலே, கீழ் வலது மூலையிலும் கறை குறைவாகத்தான் இருக்கும். விரலை அவ்வளவு மடக்குவதும் சிரமம்.

கட்டைவிரல் ஒரு கீலில் சுற்றுகிற கதவு மாதிரி. கீல் மணிக்கட்டுக்கு அருகில் இருக்கிறது. கதவு வளையத்தைத்தான் வரையும், நேர்கோட்டில் மேலே போகாது.

ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல், தெருவிலும் பேருந்திலும் போன் பயன்படுத்திக்கொண்டிருந்த 1,333 பேரைக் கவனித்துக் குறித்தார். அவர்களில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களை மட்டும் எடுத்தால், 49 சதவீதம் பேர் ஒரு கையால் பிடித்திருந்தார்கள். 36 சதவீதம் பேர் ஒரு கையில் ஏந்தி மற்றொரு கையால் தொட்டார்கள். 15 சதவீதம் பேர்தான் இரண்டு கட்டைவிரலாலும் இயக்கினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பிடி அடிக்கடி மாறுகிறது என்று அவர் சொன்னது. ஒரே ஆள் ஒரு நிமிடத்துக்குள் மூன்று விதமாகப் பிடிப்பார். அதனால் "பெரிய போன்காரர்கள் எப்படியும் இரண்டு கையால்தான் பிடிப்பார்கள்" என்று நினைத்து வடிவமைப்பது தவறு. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும்போது, குழந்தை இடுப்பில் இருக்கும்போது, கையில் பால் பாக்கெட் இருக்கும்போது மீதி இருப்பது ஒரு கைதான்.

மேல் மூலை எட்டவில்லை என்றால் மென்பொருளால் ஏதாவது செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள். ஐபோன் 6 பிளஸ் வந்தபோதே ஆப்பிள் ஒரு வழி வைத்தது: ஹோம் பட்டனை அழுத்தாமல் இரண்டு முறை தொட்டால் திரை முழுவதும் பாதி கீழே இறங்கி வரும். வேலை செய்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் திரையை இழுத்து வைத்துப் பிறகு தொடுவது ஒரு வேலைக்கு இரண்டு வேலை.

2018 நவம்பரில் சாம்சங் தன் போன்களுக்காக அறிவித்த ஒன் யூஐ என்ற திரை அமைப்பு இந்தச் சிக்கலை வேறு இடத்தில் பிடித்தது. திரையை இரண்டாகப் பிரித்தார்கள். மேல் பாதி பார்ப்பதற்கு, கீழ் பாதி தொடுவதற்கு. செட்டிங்ஸைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில் தலைப்பு மட்டும் இருக்கும். பட்டியல் நடுவில்தான் ஆரம்பிக்கும். "பாதித் திரையை வீணாக்கிவிட்டார்கள்" என்று அப்போது பலர் சொன்னார்கள். வீணாக்கவில்லை. எட்டாத இடத்தில் எட்ட வேண்டிய பொருளை வைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். சமையலறைப் பரணில் அண்டாவை வைப்போம், உப்பு ஜாடியை வைப்போமா?

பிறகு மற்றவர்களும் அந்தத் திசைக்கு வந்தார்கள். 2021-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15-ல் சஃபாரி உலாவியின் முகவரிப் பட்டை மேலிருந்து கீழே இறங்கியது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, பின்னால் போவதற்கு இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலிருந்தும் விரலை இழுக்க விட்டது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஐபோனில் நீண்ட காலம் இடது ஓரத்திலிருந்து மட்டும்தான் இழுக்க முடியும். வலது கையில் 77 மி.மீ. அகலப் போனைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் திரையின் அடியில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை, இதை எங்கள் தொழிலில் இருப்பவர்களே பலர் கவனிப்பதில்லை. எல்லாமே கீழ் விளிம்பை ஒட்டி இருந்தால், விரலுக்காகக் கை கீழே இறங்கும். உள்ளங்கை போனின் கால்வாசியை மட்டும் பிடித்திருக்கும், முக்கால்வாசி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். கேமராவின் கனம் வேறு மேலே. போன் முன்னால் கவிழப் பார்க்கும், அதைத் தடுக்கச் சுண்டுவிரல் அடியில் முட்டுக்கொடுக்கும். சுண்டுவிரல் வலி இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

கட்டைவிரலுக்கு உண்மையில் வசதியான இடம் அடி விளிம்பு அல்ல. அதற்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மேலே தொடங்கி, திரையின் நடு வரை. அடிக்கடி அழுத்த வேண்டியவை அங்கே இருந்தால் கை போனின் நடுவில் நிற்கும். என் ஆரம்ப நாட்களில் நான் செய்த ஒரு செயலியில் "சேமி" பட்டனை மேல் வலது மூலையில் வைத்தேன். அதைத் தினமும் பயன்படுத்திய ஒரு பெண், ஒவ்வொரு பதிவுக்கும் போனை இடது கைக்கு மாற்றி, வலது கையால் தட்டி, மறுபடி மாற்றுவதை நேரில் பார்த்தேன். நாளுக்கு நாற்பது, ஐம்பது பதிவு. அன்றிரவே பட்டனை இறக்கினேன். அதற்குப் பிறகு பேப்பரில் வரையும்போதே கையின் நிழலையும் சேர்த்து வரைகிறேன்.

கனம் எவ்வளவு முக்கியம்?

மிகவும். 2012-ல் ஐபோன் 5-இன் எடை 112 கிராம். 2022-ல் ஐபோன் 14 புரோ மேக்ஸ் 240 கிராம். பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். கேமரா, பேட்டரி, கண்ணாடிப் பின்புறம், எல்லாம் சேர்ந்த கனம். பின்புறம் கண்ணாடியாக இருப்பது அழகுக்கு மட்டும் அல்ல. வயர்லெஸ் சார்ஜிங் உலோகத்தைத் தாண்டி வராது, அதனால் அங்கே உலோகம் வைக்க முடியாது. பிளாஸ்டிக் வைக்கலாம். கண்ணாடியைவிட இலேசு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, கையிலிருந்து அவ்வளவாக வழுக்கவும் வழுக்காது. பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்ற எண்ணம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது. கைக்கு அது நல்ல பொருள் என்பதுதான் என் கருத்து.

மறு வருடமே ஐபோன் 15 புரோ மேக்ஸ் 221 கிராமுக்கு இறங்கியது. போனைச் சுற்றியிருக்கும் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதில் டைட்டானியம் வந்ததுதான் முக்கியக் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் கிட்டத்தட்ட 8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. இருபது கிராம் பெரிதா என்று கேட்கலாம். அது குறைந்த இடத்தைப் பாருங்கள்: விளிம்பில். சுழற்றும்போது கையை இழுப்பது நடுவில் இருக்கும் கனத்தைவிட ஓரத்தில் இருக்கும் கனம்தான். கையில் எடுத்தவர்கள் பலர் இருபது கிராமைவிட அதிகம் குறைந்ததுபோல் உணர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு விரலைப் போனின் நடுவுக்கு அடியில் குறுக்காகக் கொடுத்து, தராசு போல நிறுத்திப் பாருங்கள். மேல் பக்கம் சாய்ந்தால் தலைக்கனம் உள்ள போன். படுத்துக்கொண்டு படிக்கும்போது மூக்கில் விழுவது அதுதான்.

வளைந்த ஓரம் நல்லதா, தட்டை ஓரம் நல்லதா?

இரண்டு தனித்தனி விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, திரையே ஓரத்தில் வளைந்து இறங்குவது. 2015-ல் கேலக்ஸி எஸ்6 எட்ஜ் இரண்டு பக்கமும் வளைந்த திரையோடு வந்தது. கையில் பிடித்தால் போன் ஒல்லியாகத் தோன்றும், அது உண்மையான நன்மை. ஆனால் பிடித்திருக்கும் உள்ளங்கையின் சதை திரையில் பட்டு, கேட்காததெல்லாம் திறக்கும். டெம்பர் கிளாஸ் ஒழுங்காக ஒட்டாது. 2024-ல் எஸ்24 அல்ட்ராவில் சாம்சங் தட்டைத் திரைக்கே வந்துவிட்டது.

இன்னொன்று பின்புற வளைவு. உள்ளங்கை தட்டை அல்ல, குழிவானது. பின்புறம் ஓரங்களை நோக்கி மெலிந்து வந்தால் அந்தக் குழியில் உட்காரும். 2013-ல் வந்த மோட்டோ எக்ஸின் பின்புறத்தைப் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இப்போது பக்கவாட்டுகள் எல்லாம் செங்கல் போலத் தட்டையாக வருகின்றன. வழுக்காது, மேசையிலிருந்து எடுக்க எளிது. நீண்ட நேரம் பிடித்தால் விளிம்பு கையில் அறுக்கும். மூலைகளும் அப்படித்தான். எஸ்24 அல்ட்ராவின் கூர்மூலை உள்ளங்கையில் குத்தும், எஸ்25 அல்ட்ராவில் அதை உருட்டிவிட்டார்கள். அழகான மாற்றம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கைக்குத் தெரியும்.

பவர் பட்டன் எங்கே இருக்க வேண்டும்?

கை போனின் நடுவில் இருக்கும்போது கட்டைவிரல் தானாக எங்கே படுகிறதோ அங்கே. முன்பு ஐபோனில் பவர் பட்டன் உச்சியில் இருந்தது. ஐபோன் 6-ல் பெரிதானதும் வலது பக்கத்துக்கு இறங்கியது. 2013-ல் எல்ஜி ஜி2 பட்டன்களையெல்லாம் பின்புறம் கொண்டுபோய், ஆள்காட்டி விரல் இயல்பாகப் படுகிற இடத்தில் வைத்தது. மேசையில் கிடக்கும்போது தொட முடியாது என்பதால் அது நிலைக்கவில்லை. ஆனாலும் கையை முதலில் பார்த்துவிட்டு வரைந்த போன் அது.

தமிழில் தட்டச்சு செய்ய அகலமான போன்தானே வசதி?

ஒரு வகையில் ஆமாம். ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 எழுத்து. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஆ-வில் தொடங்கி ஞ வரை 12. 68 மி.மீ. திரையில் அந்த வரிசையை அப்படியே வைத்தால் ஆங்கில விசைக்கு 6.8 மி.மீ. கிடைக்கும், தமிழ் விசைக்கு 5.7-க்கும் குறைவு. விரல் நுனிக்கு ஏறத்தாழ 9 மி.மீ. வேண்டும் என்று கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. அதனால்தான் ன அடிக்கப் போய் ற விழுகிறது. ஆங்கிலத்தை மனதில் வைத்துப் போனை ஒல்லியாக்கியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

அதற்காக 78 மி.மீ. போன் வாங்க வேண்டியதில்லை. கூகுளின் ஜிபோர்டு என்ற தட்டச்சுச் செயலியில் விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டும் வசதி உண்டு. நெட்டைத் திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. விசை அகலத்தில் ஒடுங்கினாலும் உயரத்தில் வளர்ந்தால் தவறு குறைகிறது, நானே பழகிப் பார்த்திருக்கிறேன். ஒரு கைக்காக விசைப்பலகையை ஓரமாக ஒதுக்கும் வசதியைத் தமிழுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கனவே ஒடுங்கிய விசை இன்னும் ஒடுங்கும்.

சின்ன போனையே செய்தால் என்ன?

செய்து பார்த்தார்கள். 2020-ல் ஐபோன் 12 மினி: 5.4 இன்ச், 64.2 மி.மீ. அகலம். மறு வருடம் 13 மினி. 2022-ல் அந்த இடத்தில் 14 பிளஸ் வந்து உட்கார்ந்தது. பேட்டரிக்கும் கேமராவுக்கும் இடம் வேண்டும், படம் பார்க்கப் பெரிய திரை வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை. சின்னக் கை உள்ளவர்களுக்கு இது உண்மையான இழப்பு. பெண்களின் கை சராசரியாக ஆண்களின் கையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. போன் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் வருகிறது.

மடிக்கும் போன் இதற்குத் தீர்வா?

சட்டைப் பைக்குத் தீர்வு. கைக்கு இப்போதுதான் தீர்வாகி வருகிறது. 2019-ல் வந்த முதல் கேலக்ஸி ஃபோல்டு மடித்தால் 17 மி.மீ. வரை தடிமன். 2025-இன் ஃபோல்டு 7 மடித்தால் 8.9 மி.மீ., எடை 215 கிராம், மடித்த நிலையில் அகலம் 72.8. சாதாரணப் போனின் அளவுக்குள் வந்துவிட்டது. விலை வரவில்லை.

கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது. போனாலா?

இருக்கலாம். கட்டைவிரலை நீட்டும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறை வழியாகப் போகின்றன. திரும்பத் திரும்ப விரலை நீட்டினால் அங்கே உரசி வீங்கலாம். இதை 1895-ல் விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்னின் பெயரிலேயே அந்த நோய் அழைக்கப்படுகிறது. ஸ்மார்ட்போனுக்கு நூறு வருடம் முன்பே இருந்த நோய்தான். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வரும். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மேல் மூலையை மற்றொரு கையால் தொடுங்கள். போனின் பின்புறம் ஒட்டும் வளையம் அல்லது பாப் சாக்கெட் என்கிற குமிழ்ப் பிடியும் உதவும். விரல்கள் இறுக்கிப் பிடிக்காமல் கோத்துக்கொள்வதால் கட்டைவிரல் விடுதலையாகிறது. அதை நடுவில் ஒட்டாமல், நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒட்டிப் பாருங்கள்.

அம்மாவுக்கு வாங்குகிறேன். பெரிய எழுத்து வேண்டும், ஆனால் கையில் பலம் இல்லை. எதை வாங்குவது?

எடை குறைந்த பெரிய திரை. 190 கிராமுக்குள், பிளாஸ்டிக் பின்புறம், கைரேகை சென்சார் பக்கவாட்டுப் பட்டனில். இப்படிப்பட்டவை நடுத்தர விலையில்தான் கிடைக்கின்றன. விலை உயர்ந்தவை பெரும்பாலும் கனமானவை. எழுத்தைப் பெரிதாக்குவதோடு, முகப்புத் திரையின் மேல் பாதியைக் காலியாக விட்டு, அவர் தினமும் அழைக்கும் நான்கு பேரைக் கீழ் பாதியில் வைத்துக் கொடுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

காட்சிக்கு வைத்திருக்கும் போனின் பின்னால் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பியோடு கனமும் தெரியாது, பிடியும் தெரியாது. கழற்றித் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து, மற்றொரு கையில் உங்கள் பையை வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பட்டையை மேலிருந்து இழுங்கள். தமிழில் ஒரு வரி அடியுங்கள். பவர் பட்டனைப் பார்க்காமல் அழுத்துங்கள். இவற்றைச் செய்யும்போது சுண்டுவிரல் எத்தனை முறை அடிக்குப் போகிறது என்று எண்ணுங்கள். பிறகு நீங்கள் வாங்கப் போகும் கவரை மாட்டித் தரச் சொல்லி, முதலிலிருந்து இன்னொரு முறை செய்து பாருங்கள்.